காது மெஷின் இரைகிறதா? புகாரைப் பிடித்துக்கொண்டு பழுதைத் தேடுங்கள்

கும்பகோணத்தில் காது மெஷின் சர்வீஸ் மேசைக்குப் பின்னால் 12 வருஷமாக உட்கார்ந்திருக்கிறேன். "தம்பி, ஒரே இரைச்சலா இருக்கு. கம்ப்யூட்டர்ல போட்டு அதைக் கொஞ்சம் குறைச்சு வைங்க" என்பதுதான் நான் அதிகம் கேட்ட புகார். குறைப்பதற்கு இரண்டு நிமிஷம் போதும். ஆனால் நான் உடனே கம்ப்யூட்டரைத் தொடுவதில்லை. மெஷினைத் திருப்பி விளக்கு வெளிச்சத்தில் மைக் துளையைப் பார்ப்பேன். தேங்காயெண்ணெயும் விபூதியும் குழைந்து களிம்பாக அடைத்திருக்கும். அதைத் துடைக்காமல் உள்ளே எந்த அமைப்பை ஏற்றினாலும் பேச்சு மங்குமே தவிர இரைச்சல் போகாது.

அதனால் கீழே உள்ளதை மேலிருந்து கீழாகவே பாருங்கள். ஒவ்வொரு புகாரிலும் காசில்லாத காரணம் முதலில், கை கடிக்கிற காரணம் கடைசியில்.

வீட்டில் இருக்க வேண்டியவை: உலர்ந்த மெல்லிய பிரஷ், டியூப் ஊதும் ரப்பர் பல்பு, பேட்டரி டெஸ்டர், மாற்று வாக்ஸ் கார்டு (சத்தம் வெளிவரும் முனையில் குரும்பி ஏறாமல் தடுக்கும் சின்ன வடிகட்டி), இரண்டொரு மாற்று டோம் (காதுக்குள் போகும் ரப்பர் தொப்பி). இவற்றோடு ஸ்டெத்தோகிளிப் ஒன்றும் வாங்கிவிடுங்கள். டாக்டரின் ஸ்டெத்தாஸ்கோப் மாதிரி காதில் மாட்டி, மெஷின் தருகிற சத்தத்தை நாமே கேட்கிற குழாய் அது. அப்பா சொல்லும் "இரைச்சல்" எது என்று மகன் தன் காதாலேயே கேட்டுவிட்டால் பாதி வேலை முடிந்தது. வால்யூமைக் குறைத்துவிட்டுக் கேளுங்கள். பவர் மெஷின் நல்ல காதைப் பதம் பார்த்துவிடும்.

குழாயை மாட்டிக்கொண்டு ஆ, ஊ, ஈ, ம், ஷ், ஸ் என்று ஆறு ஒலிகளைச் சாதாரணக் குரலில் சொல்லிப் பாருங்கள். ஆறும் தெளிவாக வர வேண்டும். "ஸ்" மட்டும் காணோம் என்றால் வாக்ஸ் கார்டு அல்லது டியூப் பக்கம் போங்கள். எல்லாமே கரகரத்தால் ஈரமோ பேட்டரி முனையோ.

மெஷினைக் கழற்றிய பிறகும் சத்தம் இருக்கிறதா?

இதை எல்லாவற்றுக்கும் முன்னால் கேளுங்கள். கழற்றி டப்பாவில் வைத்துவிட்டுப் படுத்த பிறகும் "ஙொய்" என்றோ சில்வண்டு மாதிரியோ கேட்டால், அது காதுக்குள் எழும் இரைச்சல். மெஷினுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆடியாலஜிஸ்டிடம், அதாவது கேட்கும் திறனைச் சோதித்து மெஷினைப் பொருத்தும் நிபுணரிடம் சொல்லுங்கள், வழி இருக்கிறது.

ஒரு காதில் மட்டும் இரைச்சல், கூடவே தலைசுற்றல், காதில் சீழ் அல்லது வலி, அல்லது ஓரிரு நாளில் கேட்கும் திறன் திடீரென்று விழுந்துவிட்டது என்றால் இந்தக் கட்டுரையை மூடிவிட்டு அன்றைக்கே காது மூக்கு தொண்டை டாக்டரைப் பாருங்கள். திடீரென்று காது கேட்காமல் போவதற்கு நாள் தள்ளத் தள்ள மருந்து பலிக்கிற வாய்ப்பு குறையும். "மெஷின்தான் மக்கர் பண்ணுது" என்று நினைத்து பேட்டரியாக மாற்றிக்கொண்டே ஒரு வாரத்தைக் கழித்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

"உய்ங்னு விசிலடிக்குது"

காதுக்குள் போன சத்தம் வெளியே கசிந்து மறுபடி மைக்கில் ஏறுகிறது. எங்கே கசிகிறது என்று கண்டுபிடிப்பதுதான் வேலை.

மெஷினைக் கழற்றி, சத்தம் வெளிவரும் முனையைக் கட்டைவிரலால் இறுக்கமாக அடைத்துப் பாருங்கள்.

*விசில் நின்றுவிட்டதா?* மெஷின் நன்றாக இருக்கிறது. கோளாறு காதில் உட்காரும் விதத்தில். மோல்டை (காது அளவெடுத்து வார்த்த அச்சு) ஒழுங்காகத் திருகி உள்ளே அமர்த்தினார்களா பாருங்கள். மேல் நுனி காது மடலுக்குள் மடங்காமல் துருத்திக்கொண்டு நிற்பதுதான் மிகச் சாதாரணமான காரணம். அடுத்தது குரும்பி. காது நிறையக் குரும்பி இருந்தால் சத்தம் சுவரில் பட்ட பந்து மாதிரி திரும்பி வரும். பட்ஸ் விட்டுக் குடையாதீர்கள், இன்னும் உள்ளே போகும். டாக்டர் எடுக்கட்டும். குரும்பியும் இல்லை என்றால் டோம் சின்னதாக இருக்கலாம், அல்லது உடம்பு இளைத்து மோல்டு தளர்ந்திருக்கலாம். சர்க்கரை வியாதியில் ஐந்தாறு கிலோ இறங்கியவர்களுக்கு இது அடிக்கடி நடக்கும். வளரும் குழந்தைக்கு மோல்டு சிறுத்துப்போவது சகஜம். புது அளவு எடுக்க வேண்டியதுதான்.

*அடைத்தும் விசில் நிற்கவில்லையா?* காதுக்குப் பின்னால் மாட்டும் வகை என்றால் டியூபைக் கழற்றி, மெஷினின் கொக்கி முனையை மட்டும் விரலால் அடையுங்கள். இப்போது நின்றால் டியூபில் விரிசல். மஞ்சளடித்து விறைத்துப்போன டியூபை மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றத்தான் வேண்டும், சின்னச் செலவு. கொக்கியை அடைத்தும் கத்தினால் உள்ளுக்குள்ளேயே கசிவு. திறக்காதீர்கள், கொண்டு வாருங்கள்.

விசிலுக்குப் பயந்து வால்யூமைக் குறைத்துக்கொண்டே போவது தப்பு. கடைசியில் மெஷின் காதில் நகையாக மட்டும் இருக்கும்.

"உஸ்ஸுனு ஒரு சத்தம், யாரும் பேசாதப்பவும்"

புது மெஷின், முதல் இரண்டு வாரம் என்றால் பொறுங்கள். பல வருஷமாகக் கேட்காத ஃப்ரிட்ஜ், மின்விசிறி, தெருச் சத்தமெல்லாம் திரும்பி வந்திருக்கிறது. ஒரு அம்மா புது மெஷினைத் திருப்பிக் கொடுக்க வந்தார். கிளிப்பில் கேட்டுப் பார்த்தேன், சுத்தமாக இருந்தது. எங்கே கேட்கிறது என்று விசாரித்ததில், அவர் நடக்கும்போது பட்டுப்புடவை உரசுகிற சத்தம் அது.

பழைய மெஷினில் புதிதாக இது வந்தால், எந்த ப்ரோக்ராமில் (இடத்துக்கு ஏற்ப பட்டனால் மாற்றுகிற அமைப்பு) இருக்கிறது என்று முதலில் பாருங்கள். கூட்டத்துக்கான ப்ரோக்ராமில் மைக் முன்பக்கத்தை மட்டும் பிடிக்கும். அப்போது குறைந்துபோகும் அடித்தொனியை ஈடுகட்ட மெஷின் உள்ளே கூடுதலாகப் பெருக்கும். அமைதியான அறையில் அந்தப் பெருக்கல் மைக்கின் சொந்த இரைச்சலையும் சேர்த்துத் தூக்கிவிடும். கல்யாணத்துக்குப் போனபோது பட்டனை அழுத்திவிட்டு, வீட்டுக்கு வந்து மாற்ற மறந்திருப்பார்கள். மாற்றினால் போயிற்று.

அதுவும் இல்லையென்றால் ஆடியாலஜிஸ்ட் வேலை. மெல்லிய சத்தங்களை எவ்வளவு அடக்குவது என்று மென்பொருளில் ஒரு அமைப்பு இருக்கிறது. அதைச் சரிசெய்தால் உஸ் அடங்கும். அடங்காவிட்டால் ஈரம் தின்ற மைக். கம்பெனிக்குத்தான் போக வேண்டும்.

"கரகரங்குது, விட்டு விட்டு வருது"

ஐப்பசி, கார்த்திகையில் என் மேசை முழுக்க இந்தப் புகார்தான். மழை, வியர்வை, ஏசி அறையிலிருந்து வெயிலுக்கு வருவது, மூன்றுமே டியூபுக்குள் முத்து முத்தாகத் தண்ணீர் கட்டும். வெளிச்சத்தில் பிடித்தால் தெரியும். டியூபையும் மோல்டையும் மெஷினிலிருந்து கழற்றி ரப்பர் பல்பால் ஊதுங்கள். வாயால் ஊதினால் ஈரம்தான் சேரும்.

பிறகு பேட்டரி. ஸ்டிக்கரை உரித்ததும் உள்ளே போடாமல் மூன்று நான்கு நிமிஷம் காற்றாட வையுங்கள். இந்த பேட்டரி காற்றைக் குடித்துத்தான் வேலை செய்கிறது. உரித்துவிட்டுப் பிறகு போடலாம் என்று மறுபடி ஒட்டி வைத்தால் பயனில்லை. ஸ்டிக்கர் நிறம்தான் அளவு: 10 மஞ்சள், 312 பழுப்பு, 13 ஆரஞ்சு, 675 நீலம். புது பேட்டரியிலும் கரகரத்தால் பேட்டரி கதவைத் திறந்து உலோக முனைகளைப் பாருங்கள். வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் உலர்ந்த பிரஷ்ஷால் தேயுங்கள். கத்தி, ஊசி வேண்டாம்.

ராத்திரி பேட்டரியைக் கழற்றிவிட்டு, கதவு திறந்தபடி, சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் மூடி வையுங்கள். பேட்டரியையும் உள்ளே வைத்தால் அதுவும் காய்ந்துபோகும். நீல மணிகள் இளஞ்சிவப்பாக மாறினால் ஈரம் நிறைந்துவிட்டது என்று அர்த்தம். அரிசிப் பானைக்குள் போட்டு வைக்கிறவர்களும் உண்டு. தவிடும் மாவும் மைக் துளைக்குள் போனதுதான் கண்ட பலன். ஹேர் டிரையர், மொட்டைமாடி வெயில் இரண்டுமே கூடாது.

இரண்டு ராத்திரி உலர்த்தியும் கரகரப்பு போகவில்லை என்றால் வீட்டு வைத்தியம் முடிந்தது. ஒயர் வழியாகக் காதுக்குள் போகும் வகையில் ரிசீவர் (ஒயர் முனையில் உள்ள குட்டி ஸ்பீக்கர்) போயிருக்கலாம். அதை மட்டும் இங்கேயே மாற்றிவிடலாம். மைக் அல்லது போர்டு என்றால் கம்பெனிக்கு அனுப்ப வேண்டும். மெஷினுக்கு ஐந்து வயது தாண்டி, போர்டும் போயிருந்தால் செலவு செய்யுமுன் யோசியுங்கள் என்று நானே சொல்லிவிடுவேன்.

"சத்தமெல்லாம் கேக்குது, பேச்சு மட்டும் புரியல"

இதற்குத்தான் கொஞ்சம் நேரம் ஒதுக்க வேண்டும். ஒரே வாக்கியத்தில் நான்கைந்து வெவ்வேறு பழுதுகள் ஒளிந்திருக்கின்றன. எங்கே, யாரோடு, எப்போதிலிருந்து என்று கேட்டுப் பிரித்துக்கொள்ளுங்கள்.

*நேற்றுவரை புரிந்தது, இப்போது அமைதியான அறையிலேயே புரியவில்லை.* வாக்ஸ் கார்டு. ரிசீவர் முனையில் இருக்கும் அந்த வெள்ளைப் பொட்டு பழுப்பாகியிருக்கும். மாற்றுங்கள். அடுத்து டோம் அடைப்பு, அடுத்து காதுக் குரும்பி. "காசு" என்றால் "காது" என்று விழுகிறதா என்று பாருங்கள். மேல்தொனி அடைபட்டால் முதலில் காணாமல் போவது ச, ஸ, ஷ வரிசைதான்.

*பின்னால் பேசுவது கேட்கிறது, எதிரில் இருப்பவர் கேட்கவில்லை.* ரிட்டயர்டு தபால்காரர் ஒருவர் இப்படிச் சொன்னபோது முதலில் சிரித்துவிட்டேன். வேறு இடத்தில் இரண்டு முறை இரைச்சல் குறைப்பை ஏற்றிவிட்டுத்தான் என்னிடம் வந்திருந்தார். நெற்றி நிறைய விபூதி. மெஷினை வாங்கிப் பார்த்தால் முன் மைக் துளை மொத்தமாக வெள்ளை, பின் துளை பளிச்சென்று திறந்திருந்தது. டிஜிட்டல் மெஷின் இரண்டு மைக்குக்கும் வருகிற சத்தத்தை ஒப்பிட்டுத்தான் எது முன்பக்கம் என்று முடிவு செய்கிறது. முன் மைக் அடைந்தால் அதன் கணக்கே தலைகீழாகும். துளையைக் கீழ்நோக்கிப் பிடித்து உலர்ந்த பிரஷ்ஷால் தட்டினேன். மேசை விரிப்பில் வெள்ளைப் பொடி கொட்டியது. ஏற்றி வைத்திருந்த அமைப்பையும் பழையபடி இறக்கினேன். "விபூதி பூசிட்டு அப்புறம் மெஷினை மாட்டுங்க ஐயா" என்றேன். எண்ணெய், பவுடர், ஹேர் டை எல்லாவற்றுக்கும் இதே வரிசைதான். மைக் துளைக்குள் பின் குத்தவோ பல்பால் ஊதவோ கூடாது, உள்ளே உள்ள சவ்வு கிழியும்.

துளை சுத்தமாக இருந்தும் பேச்சு புரியவில்லை என்றால் இடது வலது பாருங்கள். சிவப்புப் புள்ளி வலது, நீலம் இடது. கேட்டால் சிரிப்பு வரும், ஆனால் மாசம் ஒருவராவது மாற்றி மாட்டிக்கொண்டு வருகிறார். கண்ணாடிக் காம்பு தள்ளி மெஷின் காதுக்குப் பின்னால் சரிந்துவிட்டாலும் இரண்டு மைக்கும் ஒரே மட்டத்தில் நிற்காமல் திசைக் கணக்கு கெடும்.

*மின்விசிறி, மிக்ஸி, ஏசி ஓடும்போது மட்டும் புரியவில்லை.* மிக்ஸி போட்ட முதல் சில வினாடி கத்திவிட்டு அப்புறம் அடங்கினால் அது பழுதில்லை. சீராக ஓடும் சத்தம் எது, அசைக்கு அசை ஏறி இறங்கும் பேச்சு எது என்று மெஷின் பிரித்துப் பார்க்க அவ்வளவு நேரம் பிடிக்கும். அடங்கவே இல்லையென்றால் டோமைப் பாருங்கள். ஓட்டை உள்ள திறந்த டோம் போட்டவருக்கு மின்விசிறியின் அடித்தொனி மெஷின் வழியாக வராமல் நேரே காதுக்குள் போகிறது. வராத சத்தத்தை மெஷின் எப்படிக் குறைக்கும்? மூடிய டோமுக்கோ மோல்டுக்கோ மாறலாம். ஆனால் அப்போது "என் குரல் குடத்துக்குள்ள பேசுற மாதிரி இருக்கு" என்று அடுத்த புகார் வரும். இரண்டுக்கும் நடுவில் எங்கே நிற்பது என்பதை ஆடியாலஜிஸ்ட் போட்டுப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

*கல்யாண மண்டபத்தில், பந்தியில், நாலு பேர் கூடினால் புரியவில்லை.* இங்கே கையைத் தூக்கிவிடுகிறேன். சுற்றியிருப்பவர்கள் பேசுவதும் பேச்சுதான். எது அத்தையின் பேச்சு, எது அடுத்த இலைக்காரரின் பேச்சு என்று இரைச்சல் குறைப்புக்குத் தெரியாது. முன்பக்கத்தை மட்டும் பிடிக்கும் திசை மைக் கொஞ்சம் உதவும். நடைமுறையில் சில டெசிபெல் கிடைக்கும். ஆனால் பேசுகிறவர் இருக்கும் தூரத்தைப் பாதியாக்கினால் அவர் பேச்சு 6 டெசிபெல் வரை ஏறும், எதிரொலிக்கிற மண்டபத்தில் சற்றுக் குறைவு. நாற்காலியை இழுத்துப் போடுவது அவ்வளவு பெரிய வைத்தியம். சுவருக்கு முதுகைக் கொடுத்து உட்காரச் சொல்லுங்கள், ஸ்பீக்கர் பெட்டி பின்பக்கமோ தூரமோ இருக்கட்டும், பேசுகிறவர் முகம் வெளிச்சத்தில் இருக்கட்டும். அதற்கும் மேலே வேண்டுமென்றால், பேசுகிறவர் சட்டையில் குத்திக்கொள்ளும் கம்பியில்லா மைக் உண்டு. அதன் விலைக்கு அது தருகிற பலனை உயர்ந்த ரக மெஷினுக்கு மாறினால்கூட எட்ட முடியாது என்பது என் அபிப்பிராயம்.

இரைச்சல் குறைப்பை உச்சத்தில் வைக்கச் சொல்லிக் கேட்பவர்களுக்கு ஒரு பரீட்சை: வைத்துக் கொடுத்துவிட்டு, விசிறியைப் போட்டு, தினசரிப் பேப்பரிலிருந்து இரண்டு வரி மெதுவான குரலில் படிப்பேன். வார்த்தையின் தலையும் வாலும் நறுக்கினாற்போல் போகும். காதுக்கு இதமாக இருக்கும், விஷயம் புரியாது. முக்கால்வாசிப் பேர் "பழையபடியே வைங்க தம்பி" என்பார்கள்.

*எங்கும், எப்போதும், வாங்கிய நாளிலிருந்தே புரியவில்லை.* பழுது மெஷினில் இல்லை, பொருத்திய விதத்தில். மென்பொருள் தானாகக் கணக்கிட்டுத் தந்ததை அப்படியே ஏற்றிவிட்டு அனுப்பியிருப்பார்கள். காதுக்குள் மெல்லிய குழாய் மைக் வைத்து, செவிப்பறை அருகே உண்மையில் எவ்வளவு சத்தம் வருகிறது என்று அளந்தார்களா என்று கேளுங்கள். அளக்கவில்லையென்றால் அளக்கச் சொல்லுங்கள். கேட்கும் திறன் பரிசோதனை எடுத்து ஒரு வருஷத்துக்கு மேலானால் அதையும் திரும்ப எடுக்க வேண்டும்.

"வண்டியில போனா ஓன்னு அடிக்குது"

காற்று மைக் துளையில் மோதுகிற சத்தம். மென்பொருளில் காற்று இரைச்சலுக்குத் தனி அமைப்பு இருக்கிறது, அதை இயக்கச் சொல்லுங்கள். முழுசாகப் போகாது. ஹெல்மெட் மாட்டும்போது மெஷின் விசிலடிப்பதும் சகஜம்.

"ஊம்ம்னு ஒரே முனகல்" / "போன் எடுத்தா டர்ர்ர்"

சீரான முனகல் என்றால் மெஷின் டெலிகாயில் ப்ரோக்ராமுக்குப் போயிருக்கிறது. அந்த நிலையில் அது காந்தப்புலத்தைக் கேட்கிறது. இன்வெர்ட்டர், பழைய டியூப்லைட் சோக், ஸ்டெபிலைசர் எல்லாம் 50 ஹெர்ட்ஸில் பாடும். நான்கடி நகர்ந்தால் குறைகிறதா? அப்படியானால் பழுதில்லை, ப்ரோக்ராமை மாற்றுங்கள்.

போனைக் காதில் வைத்தால் டர்ர் என்றால் பெரும்பாலும் பழைய பட்டன் போன். வேறு போனில் பேசிப் பாருங்கள். போனின் ஸ்பீக்கரைக் காதுத் துளைக்கு நேரே வைக்காமல் மெஷினின் மைக் இருக்கும் மேல்பக்கம் வைக்கச் சொல்லுங்கள். பாதிப் போன் புகார் அதோடு தீரும்.

"நாதஸ்வரம் நடுங்குது, மணி இழுக்குது"

தஞ்சாவூர்ப் பக்கத்துக்கே உரிய புகார். விசிலைத் தடுக்கும் அமைப்பு, நீண்டு நிற்கும் ஒரே சுருதியைக் கேட்டால் "இது விசில்" என்று நினைத்து அதை வெட்டப் பார்க்கும். நாதஸ்வரம், புல்லாங்குழல், சுருதிப் பெட்டி, கோயில் மணியின் இழுவை எல்லாம் அதற்கு ஒன்றுதான். அதனால்தான் நடுக்கம். ஆடியாலஜிஸ்டிடம் இசைக்கென்று தனி ப்ரோக்ராம் கேளுங்கள். அதில் விசில் தடுப்பையும் இரைச்சல் குறைப்பையும் தளர்த்தி வைப்பார்கள்.

நடுக்கமாக இல்லாமல் கிழிந்த ஸ்பீக்கர் மாதிரி கேட்டால் வேறு காரணம். சத்தம் மைக்கிலேயே தாங்காமல் நொறுங்குகிறது. வால்யூமைக் குறைத்தாலும் நொறுங்கியது நொறுங்கியதுதான். மேளத்துக்குப் பக்கத்திலிருந்து பத்து வரிசை பின்னால் போங்கள். கச்சேரி கேட்டே ஆக வேண்டும் என்றால் மைக் துளை மேல் சின்னத் துண்டு ஒட்டுநாடா ஒட்டலாம், உள்ளே போகும் சத்தம் குறையும். திரும்பி வந்ததும் எடுக்க மறக்காதீர்கள். மறந்துவிட்டு "மெஷின் செத்துப்போச்சு" என்று வந்தவர் உண்டு.

"பாத்திரம் விழுந்தா உயிரே போகுது"

எங்கள் ஊர் பாத்திரக்கடைக்காரர்கள் வாயிலாக நான் கற்றது இது. பித்தளைத் தாம்பாளம் தரையில் பட்டால் அந்த ஒரு நொடி காதில் ஆணி அடித்த மாதிரி இருக்கும். திடீர்ச் சத்தத்தைத் தட்டி அடக்கும் அமைப்பு பல மெஷின்களில் உண்டு, அணைந்திருந்தால் போடச் சொல்லுங்கள். போட்டும் வலித்தால் மெஷின் தரக்கூடிய உச்ச சத்தம் அவர் காது தாங்கும் அளவைத் தாண்டி நிற்கிறது. அந்த எல்லையை ஆடியாலஜிஸ்ட் காதில் அளந்து இறக்குவார். வால்யூமைக் குறைத்துச் சமாளித்தால் பாத்திரத்தோடு பேச்சும் சேர்ந்து போகும்.

கொண்டு வரும்போது

மேலே உள்ளது எதிலும் தீரவில்லையென்றால் கொண்டு வாருங்கள். கிளம்புமுன் மறுபடி ஒருமுறை துடைத்துவிட்டுக் கொண்டு வராதீர்கள், மிச்சமிருக்கும் அழுக்கோடு வந்தால்தான் எது அடைத்தது என்று தெரியும். பழைய கேட்கும் திறன் பரிசோதனைத் தாள், தற்போது போட்டிருக்கும் பேட்டரி, எங்கெங்கே தொந்தரவு என்று நாலு வரி எழுதிய சீட்டு போதும். இரண்டு காதுக்கும் மெஷின் இருந்தால் ஒன்றில்தான் பழுது என்றாலும் இரண்டையும் எடுத்து வாருங்கள்.

மகன் ஆபீஸ் போகிற வழியில் மெஷினை மட்டும் மேசையில் வைத்துவிட்டு "சாயங்காலம் வாங்கிக்கிறேன் அண்ணே" என்று போவதுதான் எனக்கு ஆகாத விஷயம். ரிசீவர் மாற்றுவது என்றால் சரி. இரைச்சல் என்றால் அப்பாவையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், எனக்கு அவர் காது வேண்டும்.